போகச் சொல்லும் உரிமை: கடல் கடந்து வந்த வாத்தியார்கள் குறித்து

1

'தொண்டு' என்கிற சொல்லுக்குத் தமிழில் அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள் உண்டு. தொண்டன் என்றால் அடியான், ஏவல் செய்கிறவன். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையிலிருந்து சேக்கிழாரின் திருத்தொண்டர் புராணம் வரைக்கும், தொண்டு செய்கிறவர் யாருக்குச் செய்கிறாரோ அவருக்குக் கீழேதான் நிற்கிறார். இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் கட்சிக்குள் வந்தது, அப்புறம் 'தொண்டு நிறுவனம்' ஆனது. இந்தப் பயணத்தில் நிற்கிற இடம் தலைகீழாகிவிட்டது. இப்போது செய்கிறவர் மேலே, பெறுகிறவர் கீழே. சொல் மட்டும் பழைய பணிவோடு அப்படியே இருக்கிறது. அதிகாரம் தன்னை மறைத்துக்கொள்ள இதைவிட வசதியான சொல் கிடைக்காது.

இந்தத் தொண்டில் ஒரு வகையைப் பற்றி மட்டும் இங்கே பேச நினைக்கிறேன். நாடு விட்டு நாடு போய், கட்டடமில்லாத, புத்தகமில்லாத, வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக்கொடுப்பது. நம் நண்பர்கள் வட்டத்தில் இது பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள்தான் கேட்கும். 'எல்லாம் ஏகாதிபத்தியத்தின் கையாட்கள்' என்று அடித்துப் பேசுவார் ஒருவர். 'என்ன சொல்லுங்க, ஒரு பிள்ளை நாலு எழுத்து கத்துக்கிட்டா நல்லதுதானே' என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே வரலாற்றுக்குள் போவதில்லை. முதல் ஆள் வந்தவரின் நாட்டைப் பார்த்தே தீர்ப்பு எழுதுகிறார், இரண்டாவது ஆள் வந்தவரின் மனசைப் பார்த்து. பாடம் கேட்கிற பக்கத்திலிருந்து பார்க்க இரண்டு பேருக்கும் நேரமில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வந்த வாத்தியாரைப் 'போ' என்று சொல்லும் உரிமை அந்த ஊருக்கு இருந்ததா? 'இரு' என்று சொல்லும் உரிமை?

2

1901 ஜூலை 23ந் தேதி சான்பிரான்சிஸ்கோவிலிருந்து 'தாமஸ்' என்கிற அமெரிக்க ராணுவக் கப்பல் புறப்பட்டது. ஏறத்தாழ ஐந்நூறு ஆசிரியர்கள், ஆணும் பெண்ணுமாக. ஆகஸ்ட் 21ல் மணிலாவில் வந்து இறங்கினார்கள். கப்பலின் பெயராலேயே 'தாமசைட்டுகள்' என்று அவர்களை வரலாறு அழைக்கிறது. மாதம் 125 டாலர் சம்பளம் பேசி வந்தவர்கள் என்பதால் இன்றைய அர்த்தத்தில் தன்னார்வலர்கள் அல்ல. ஆனால் தெரியாத நாட்டுக்குத் தாமாக முன்வந்து போனவர்கள். பின்னாளில் அமெரிக்க அமைதிப் படைக்கு இவர்கள்தான் முன்னோடி என்று பெருமையாகச் சொல்வதுண்டு.

கப்பல் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1899 பிப்ரவரியில் தொடங்கிய பிலிப்பைன்ஸ் - அமெரிக்கப் போர் முடியவில்லை. குடியரசின் தலைவர் அகினால்டோ அந்த மார்ச் மாதம்தான் பிடிபட்டிருந்தார். போரிலும் அதையொட்டிய பஞ்சத்திலும் காலராவிலும் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். தாமசைட்டுகள் வருவதற்கு முன்பு பல ஊர்களில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள்தான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்தக் கை ஓய்ந்த இடத்தில்தான் கப்பலில் வந்த கை தொடங்குகிறது.

'அங்கே பள்ளிக்கூடமே இல்லை' என்கிற புனைவும் உடைக்கப்பட வேண்டும். ஸ்பானிய ஆட்சி 1863லேயே தொடக்கப் பள்ளிகளுக்கான ஆணையைப் பிறப்பித்திருந்தது. பள்ளிகள் குறைவு, பாதிரியார்களின் பிடி அதிகம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் 'வெறுமை' இல்லை. 1901 ஜனவரியில் வந்த 74ஆம் எண் சட்டம் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழி ஆக்கியபோது, ஏற்கெனவே இருந்ததெல்லாம் 'இல்லாதது' ஆகிவிட்டது. பற்றாக்குறை என்பது சில சமயம் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, சட்டம் போட்டு உண்டாக்குவது. ஆங்கிலத்தில் பாடம் என்று முடிவு செய்த மறுநாள் அந்தத் தீவுகள் முழுக்க வாத்தியார் பஞ்சம். ஆகவே கப்பல் தேவைப்பட்டது.

போனவர்கள் கெட்டவர்களா? அப்படிச் சொல்ல முடியாது. சிலர் காலராவில் செத்திருக்கிறார்கள். பலர் தங்கள் மாணவர்களை உண்மையாக நேசித்திருக்கிறார்கள். இந்த நேசத்தைக் காட்டித்தான் அந்தக் கல்வியை விமர்சிக்கவிடாமல் பல பத்தாண்டுகள் வாயடைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால் மன்றோ தலைமையில் 1925ல் நடந்த ஆய்வு, பெரும்பாலான பிள்ளைகள் நான்காம் வகுப்பைத் தாண்டவில்லை என்று கண்டது. தெரியாத மொழியில் நாலு வருஷம் உட்கார்ந்து எழுந்து போனதுதான் மிச்சம். ரெனாட்டோ கான்ஸ்டான்டினோ பிலிப்பினோக்களின் 'தவறான கல்வி' பற்றிய தன் கட்டுரையை 1966ல் வெளியிட்டபோதுதான் இந்த அன்பின் அரசியல் பொதுவெளியில் விவாதமானது. வீட்டுமொழியில் தொடக்கக் கல்வி என்கிற ஏற்பாடு அங்கே 2012ல்தான் நாடு முழுக்க வந்தது. 2024 அக்டோபரில் இயற்றிய சட்டம் அதன் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கப்பல் வந்து நூற்றியிருபது வருஷத்துக்குப் பிறகும் அந்த 74ஆம் எண் சட்டத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மணிலாவில் 1901ல் யாரும் 'போ' என்று சொல்லியிருக்க முடியாது. சொன்னவர்கள் காட்டில் துப்பாக்கியோடு இருந்தார்கள்.

3

இனி நமக்குப் பக்கத்தில். 1816ல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823ல் வட்டுக்கோட்டை செமினரி, 1824ல் உடுவில் பெண்கள் பள்ளி. விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் இருந்த கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்கிற உரிமையும் கொடையோடு சேர்ந்து வந்தது. தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர்களைப் பாருங்கள்: பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. பாதிப் பெயர் அப்பன் வைத்தது, பாதிப் பெயர் பணம் வைத்தது. இன்று மாதம் இவ்வளவு என்று பணம் அனுப்பி, பதிலுக்கு ஒரு குழந்தையின் போட்டோவை வாங்கிக் குளிர்பெட்டிமேல் ஒட்டுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு இது ஒரு மூதாதை.

ஆனால் இந்தக் கதை இங்கே நிற்கவில்லை. வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். 1887ல் கலித்தொகையை அச்சிட்டார். மதம் மாற்ற வைத்த பள்ளியில் படித்துவிட்டு, சைவராக வாழ்ந்து, சங்க இலக்கியத்தைப் பதிப்பித்தார். கொடுத்தவன் நினைத்ததும் வாங்கியவன் செய்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதிகாரம் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி மறந்துபோவது இதைத்தான். வாங்குகிறவனுக்கு மூளை உண்டு.

1855ல் செமினரி மூடப்பட்டது. பாஸ்டனில் இருந்த தலைமைச் சபையின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த பையன்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்து மக்களுக்குத் தாய்மொழியில் போதித்தால் போதும் என்பது அவர் கட்சி. வேடிக்கையைக் கவனியுங்கள். தாய்மொழிக் கல்வி என்கிற, நாம் இன்று சரியென்று சொல்லும் ஒரு வாதம், ஊர்க்காரர்கள் வேண்டும் என்று நினைத்த ஒரு பள்ளியை மூடப் பயன்பட்டிருக்கிறது. மணிலாவில் ஆங்கிலத்தைத் திணித்தார்கள், வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தைப் பறித்தார்கள். கொள்கை எதிரெதிர், முடிவெடுத்த இடம் மட்டும் இரண்டு தடவையும் அமெரிக்காதான். அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி வருவதற்கு 1872 ஆயிற்று, அதற்கு உள்ளூர்க்காரர்கள் முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. 1855ல் அவர்களுக்கு இல்லாமல்போனது 'இரு' என்று சொல்லும் உரிமை.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லாமல் நகர முடியாது. 'ஊர்' என்கிறேனே, எந்த ஊர்? யாழ்ப்பாணத்தில் உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்ற உத்தரவு 1929ல் வந்ததும், ஒட்டி வந்த நாட்களில் பள்ளிக்கூடங்கள் கொளுத்தப்பட்டன. கொளுத்தியவர்களும் 'ஊர்'தான். என் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தது ஒரு மிஷன் பள்ளியில். அந்தப் பள்ளி இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரை மாடு மேய்க்கத்தான் அனுப்பியிருப்பார்கள். நான் தமிழ் எம்.ஏ. படித்து இந்தக் கட்டுரையை எழுத முடிகிறதென்றால் அதில் வெளியிலிருந்து வந்த யாரோ ஒருவரின் சாக்பீஸ் தூள் இருக்கிறது. ஆகவே 'அந்நியனே வெளியேறு' என்று யாராவது முழங்கும்போது, அந்த அந்நியன் போய்விட்டால் என்னைப் போன்றவர்களை யார் உள்ளே விடுவார்கள் என்று கேட்காமல் என்னால் கை தட்ட முடிவதில்லை. போகச் சொல்லும் உரிமை ஊர் நாட்டாமைக்கு அல்ல, வகுப்பறையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அவன் பெற்றோருக்கும் வேண்டியது.

4

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிஷனரியின் இடத்தில் இளைஞர் வருகிறார். 1958ல் பிரிட்டனில் அலெக் டிக்சன் பள்ளிப்படிப்பு முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பத் தொடங்கினார். கட்டாய ராணுவச் சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம். 1961 மார்ச் 1ல் கென்னடி அமைதிப் படையை அறிவித்தார். அதே ஆகஸ்டில் முதல் குழு கானாவில் இறங்கியது. எல்லாரும் ஆசிரியர்கள். அது பனிப்போர்க் காலம் என்பதும், சோவியத்தும் அதே நாடுகளில் ஆள் தேடிக்கொண்டிருந்தது என்பதும் நமக்குத் தெரிந்த சங்கதி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்த முறை கப்பல் வந்து சேர்ந்தது விடுதலை பெற்ற நாடுகளுக்கு. அங்கே 'போ' என்று சொல்ல ஆள் இருந்தார்கள்.

சொன்னார்கள். 1961 அக்டோபரில் நைஜீரியாவின் இபாதானில், பயிற்சியில் இருந்த ஒரு அமெரிக்கத் தன்னார்வலர் ஊருக்கு எழுதிய அஞ்சலட்டை ஒன்று தவறிக் கீழே விழுந்தது. அங்குள்ள மக்களின் வாழ்க்கை நிலையை இளக்காரமாகச் சொல்லும் வரிகள் அதில் இருந்தன. மாணவர்கள் அதைப் படியெடுத்து விநியோகித்து, இவர்களை அனுப்பிவிடு என்று கூட்டம் போட்டார்கள். அந்த அட்டையை எழுதிய பெண் மோசமானவர் அல்ல. வீட்டுக்கு எழுதுவதுபோல் எழுதினார். சேவை பற்றிய சொல்லாடல் எப்போதும் மேடைக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அன்றைக்கு இரண்டாவது பிரதி கீழே விழுந்தது, அவ்வளவுதான்.

1962 செப்டம்பரில் ஏறக்குறைய 280 பேர் எத்தியோப்பியாவுக்குப் போனார்கள். அங்கே மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. கேரளத்திலிருந்து சம்பளத்துக்குப் போன வாத்தியார்களும் அதே பள்ளிகளில் இருந்தார்கள். அமெரிக்காவின் நெருங்கிய நண்பர் ஹெய்லி செலாசி. அவருடைய நவீன அரசுக்கு குமாஸ்தாக்கள் வேண்டும், பள்ளிகள் வேண்டும். ஆனால் படித்த பிள்ளைகள் 1965ல் 'உழுகிறவனுக்கே நிலம்' என்று தெருவுக்கு வந்தார்கள். அறுபதுகளின் கடைசியில் அமைதிப் படையே வெளியேறு என்று பள்ளிக்கூடங்களிலேயே எதிர்ப்பு எழுந்தது. பாடம் நடத்திய ஆளையே போகச் சொன்னார்கள், அதையும் அவரிடம் கற்ற ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். இதை நன்றிகெட்டதனம் என்று சிலர் சொல்வார்கள். கல்வி வேலை செய்திருக்கிறது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

1974ல் மன்னர் வீழ்ந்தார். ராணுவ அரசு அறுபதாயிரம் அளவில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமங்களுக்கு அனுப்பியது. தலைநகரின் ஆட்களைத் தூரத்தில் வைக்கவும் அது ஒரு வழி. 1977ல் அமைதிப் படை எத்தியோப்பியாவை விட்டுப் போனது. அந்நியர் போனதும் பள்ளி மக்களுடையதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் அந்த ஆண்டுகளின் ரத்தத்தைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

தான்சானியா வேறு வழியில் போனது. ஜூலியஸ் நைரேரே 1967ல் 'தற்சார்புக்கான கல்வி' என்கிற அறிக்கையை வெளியிட்டார். கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலிருந்து பிரித்து எடுப்பதற்காகவே இருக்கும் பள்ளி நமக்கு எதற்கு என்பதுதான் அதன் சாரம். 1969ல் அமைதிப் படை அங்கிருந்து போனது. 1979ல் திரும்பி வந்தது. போகவும் வைத்தார்கள், வரவும் விட்டார்கள். அரசாங்கம் எடுத்த முடிவுதான், ஊர் எடுத்ததல்ல. இருந்தாலும் கணக்கில் இது பெரிய மாற்றம்.

5

1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாகாவில் இவான் இல்லிச் ஒரு கூட்டத்தில் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்ய வந்த வட அமெரிக்க மாணவர்கள். அவர்கள் முகத்துக்கு நேரே, உங்கள் நல்லெண்ணத்தோடு வீட்டுக்குப் போங்கள் என்றார். பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்றார். ஏழைகளோடு வேலை செய்தே தீருவேன் என்றால், உன்னை 'தொலைந்து போ' என்று உன் மொழியிலேயே சொல்லக்கூடிய ஏழைகளிடம் போ என்று முடித்தார். நான் இங்கே பிடித்துக்கொண்டிருக்கும் நூல் அவரிடமிருந்து வந்ததுதான்.

இல்லிச்சின் பேச்சு தமிழில் அதிகம் பேசப்படவில்லை. பள்ளியொழிப்பு பற்றி 1971ல் அவர் எழுதிய புத்தகம்தான் நம் நண்பர்கள் கையில் உண்டு. ஆனால் அவருடைய தீர்விலும் ஓர் இடைவெளி இருக்கிறது. 'போய்விடுங்கள்' என்று அவர் கேட்பது வந்தவர்களிடம். வந்தவன் மனசாட்சி உறுத்தி, தானே முடிவெடுத்து, தானே கிளம்ப வேண்டும். அப்போதும் முடிவு அவன் கையில்தானே? வருவதும் அவன் இஷ்டம், போவதும் அவன் இஷ்டம். தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இரண்டுக்கும் பார்வையாளன். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது அமைதிப் படை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ ஏழாயிரம் பேரை ஒட்டுமொத்தமாகத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர்கள் உயிர் அவர்களுக்கு முக்கியம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாதியில் நின்ற வகுப்பு யாரிடம் போய்க் கேட்கும்?

6

'அதற்குத்தான் சோசலிச நாடுகள் இருந்தனவே' என்று தோழர்கள் சொல்லக்கூடும். 1961ல் கியூபா லட்சம் இளைஞர்களைத் தன் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பி எழுத்தறிவித்தது. 1980ல் நிகராகுவாவில் அறுபதாயிரம் பேர் அளவில் ஐந்து மாதம் இதைச் செய்தார்கள். மலைக்குப் போன நகரத்துப் பிள்ளை குடியானவன் வீட்டில் தங்கி, பகலில் வயலில் வேலை செய்து, ராத்திரி விளக்கடியில் பாடம் நடத்தினான். கியூப ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல் நிகராகுவாவுக்கு வந்தார்கள். கோன்ட்ராக்கள் சிலரைக் கொன்றார்கள். 1978லிருந்து கியூப மாணவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கோலாப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள். அங்கோலா அரசு கேட்டு வந்தவர்கள் அவர்கள். பின்னாளில் அந்த அரசு அதற்குப் பணமும் கொடுத்தது. பணம் கொடுத்ததைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கூலி கொடுத்து வைத்துக்கொண்டவன் கணக்குத் தீர்த்து அனுப்பவும் முடியும். தானமாக வந்தவனை எப்படி அனுப்புவது?

ஆனாலும் அங்கோலாவில் அவர்கள் நடத்தியது போர்த்துக்கீசிய மொழியில். அந்தப் பக்கத்திலேயே இன்னொரு பாடமும் உண்டு. அறிவொளி இயக்கக் காலத்தில் தமிழ்நாட்டில் எல்லோரும் பேசிய பாவ்லோ ஃப்ரெய்ரே, 1975ல் கினி-பிசாவு அரசின் அழைப்பில் எழுத்தறிவுத் திட்டத்துக்கு உதவப் போனார். ஊரில் பேசுவது கிரியோல் மொழியும் இன்னும் பல ஆப்பிரிக்க மொழிகளும். அரசு வேண்டும் என்றது போர்த்துக்கீசியம். ஃப்ரெய்ரேக்கு இதில் உடன்பாடில்லை, ஆனாலும் திட்டம் அந்த மொழியில்தான் நடந்தது. படித்த பெரியவர்களில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்டோரின் கல்வியை எழுதியவரே வந்தும் மொழி தப்பானால் எழுத்து ஏறவில்லை. நல்ல தத்துவம், நல்ல மனிதர், முறையான அழைப்பு எல்லாம் இருந்தன. வயலிலிருந்து வந்து உட்கார்ந்தவரிடம் 'உனக்கு எந்த மொழி' என்று கேட்பது மட்டும் இல்லை.

7

இன்றைக்கு வருவோம். 'வசதியற்ற பள்ளி' என்கிறோம். வசதி எங்கே போனது? தான்சானியா எழுபதுகளில் தொடக்கக் கல்விக் கட்டணத்தை எடுத்துவிட்டு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளில் கடன் நெருக்கடி. சர்வதேச நிதியமும் உலக வங்கியும் சொன்ன சிக்கனத்தில் கட்டணம் திரும்பி வந்தது, பிள்ளைகள் நின்றுபோனார்கள். 2000க்குப் பிறகு கட்டணத்தை மறுபடி எடுத்ததும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். ஆனால் பல ஆப்பிரிக்க நாடுகளில் அரசுச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருந்ததால், பயிற்சி முடித்த வாத்தியார்கள் வேலையில்லாமல் திரிந்தார்கள். ஒரு பக்கம் உள்ளூர் வாத்தியாருக்கு வேலை கொடுக்காதே என்கிற நிபந்தனை, மறுபக்கம் அந்தக் காலி நாற்காலியில் மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டுப் போகப் பணம் கட்டி வருகிற இளைஞர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும். அந்த இளைஞர் இதைத் திட்டமிடவில்லை. அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

கப்பல் எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. 2000களில் அமெரிக்காவின் பால்டிமோர் போன்ற ஏழை நகரங்களின் பள்ளிகளுக்கு வாத்தியார் கிடைக்காமல், பிலிப்பைன்ஸிலிருந்து நூற்றுக்கணக்கில் வரவழைத்தார்கள். தாமசைட்டுகள் கொண்டுபோன ஆங்கிலம் வட்டியோடு திரும்பி வந்தது. லூசியானாவுக்கு அப்படிப் போனவர்களிடம் ஆள்பிடிக்கும் கம்பெனி கொள்ளையாகக் கட்டணம் வாங்கியது. அவர்கள் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2012 டிசம்பரில் சுமார் 350 ஆசிரியர்களுக்கு 45 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லி கலிபோர்னியாவில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. 1901ல் போனவர்களுக்குச் சிலை, புத்தகம், நினைவு நாள். 2007ல் வந்தவர்களுக்குக் கடன் பத்திரம். இரண்டு கூட்டமும் செய்தது ஒரே வேலைதான். ஒன்றின் பெயர் தொண்டு, இன்னொன்றின் பெயர் கூலி.

ஆக, போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லையைச் சாதியாக்கி அவரவர் ஊருக்குள்ளேயே கிடக்கச் சொல்வது என் வேலையல்ல. வெளியிலிருந்து யாரோ வந்ததால் திறந்த கதவுகள் உண்டு, அதில் நுழைந்து வந்தவன் நான். நம் இயக்கங்களும் பள்ளிகளுக்கு ஆட்களை அனுப்புகின்றன, வெளியிலிருந்து வருகிறவர்களையும் ஏற்கின்றன. அப்போது அவர்களுடைய நோக்கத்தை விசாரிப்பதோடு நிற்க வேண்டாம். யார் கேட்டு வந்தீர்கள், அந்த இடத்துக்கு உள்ளூரில் வாத்தியார் இருக்கிறாரா, இருந்தால் அவருக்கு ஏன் சம்பளம் இல்லை, பிள்ளை வீட்டில் பேசும் மொழி உங்களுக்குத் தெரியுமா, எவ்வளவு நாள் என்று முடிவு செய்தது யார் என்று கேட்க வேண்டும். கூடவே, அந்த வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் அம்மா 'நீங்க வேணாம்' என்றோ 'இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போங்க' என்றோ சொன்னால், அதை எழுதி வைத்து மதிக்க உங்கள் அமைப்பில் ஏதாவது வழி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை இந்தக் கடைசிக் கேள்விக்கான இடம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை.